அந்தோணி எந்தக் கல்லறையில்?

காலை ஆறு நாற்பது. கேட்டைத் தாண்டியதும் முதலில் கண்ணில் பட்டவை அருகருகே இரண்டு வெள்ளைக் கல்லறைகளும், அவற்றின் மேல் ஆளுக்கொன்றாக உட்கார்ந்திருந்த இருவரும். ஒரு பெண், ஒரு ஆண். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எதிரெதிர்த் திசையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒருவர் கடப்பாரையை ஊன்றி நின்றபடி பீடி பற்றவைக்க முயன்றுகொண்டிருந்தார். தூறல் விடவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. ஊருக்குப் பெயர் மாறிச் சில காலம் ஆகியிருந்தது. எங்கள் பத்திரிகையின் லெட்டர் பேடில் மட்டும் பழைய பெயர் இன்னும் தீரவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு இரண்டு நாள் இருந்தது. ராயபுரத்துப் பழைய கல்லறைத் தோட்டத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதச் சொல்லி செய்தி ஆசிரியர் அனுப்பியிருந்தார். வெள்ளைக்காரன் காலத்து வரலாறு வேண்டும், பேய் வேண்டாம், பேய் போன வருஷமே போட்டாகிவிட்டது என்பது அவர் தந்த வழிகாட்டல்.

உட்கார்ந்திருந்த இருவரையும் வெள்ளையடிக்க வந்து களைத்தவர்கள் என்று நினைத்தேன். கடப்பாரைக்காரரிடம் கேட்டேன். ஏழுமலை என்று பெயர் சொன்னார். குழி வெட்டுகிறவர்.

“அக்காவும் தம்பியும் மேடம். அவங்க அம்மா நேத்து சாய்ங்காலம் பூட்ச்சி. நைனாவ பொதைச்ச குழியிலயே வெக்கணுமாம். எது நைனா குழின்னு ரெண்டு பேருக்கும் பேஜாரு. நான் எத்த நோண்டறது?”

அக்காவின் பெயர் பிலோமினா. ஐம்பதை நெருங்கியவர், இறால் உரிக்கும் கம்பெனியில் வேலை. தம்பி ஆரோக்கியம் துறைமுகத்தில் கிரேனுக்கு சிக்னல் கொடுப்பவர், கொருக்குப்பேட்டையில் குடியிருந்தார். இறந்தவர் சவுரியம்மாள். அவருடைய கணவர் அந்தோணி, ரயில் எஞ்சினில் கரி தள்ளியவர், இவர்கள் சிறுவர்களாக இருந்தபோதே போய்விட்டார்.

அடக்கம் மாலை நான்கு மணிக்கு. கடலோரச் சதுப்பு மண், மழை வேறு. பத்து மணிக்காவது வெட்டத் தொடங்கினால்தான் முடியும் என்றார் ஏழுமலை.

குடும்பக் கல்லறை

வெளியே இருப்பவர்களுக்கு இது புரிய ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தத் தோட்டத்தில் புதிய குழிக்கு இடம் கிடையாது. ஏற்கெனவே அங்கே கல்லறை உள்ள குடும்பம், வருஷங்கள் கழிந்தபின் அதையே திறந்து அடுத்தவரை வைக்கலாம். உள்ளே இருப்பவரின் எலும்புகளை வெள்ளைத் துணியில் கட்டிப் புதுப் பெட்டியின் கால்மாட்டில் வைப்பார்கள். கல்லறையைக் காட்ட முடியாதவர்கள் மாதவரம் தாண்டியிருக்கும் புதிய தோட்டத்துக்குப் போக வேண்டும்.

சவுரியம்மாளுக்குப் பேச்சு இருந்த நாள் வரை ஒரே வார்த்தைதான். உங்க நைனா மேலயே என்னை வையுங்கள். பக்கவாதம் வந்து பேச்சு போன பிறகு, இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டுவாராம்.

எங்கள் வீட்டில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. காலடிப்பேட்டையில் அப்பாவின் உடல் தெரு திரும்பும்வரை பார்த்தேன், அதற்குமேல் தெரியாது. அப்பா எங்கே இருக்கிறார் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. கேட்பதற்கு ஓர் இடமும் இல்லை. ஒரு மேட்டைக் காட்டி இதுதான் என் அப்பா என்று இருவர் சண்டை போடுவதை அன்றுதான் பார்த்தேன். யார் பக்கம் நிற்பது என்று மட்டுமல்ல, எதைப் பற்றிய சண்டை என்பதே எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை.

மிச்சச் சுண்ணாம்பு

இரண்டு கல்லறைகளும் ஒரே அளவு. ஒரே உருண்டை முதுகு. பெயர் எதுவும் இல்லை. ஒன்று அந்தோணியுடையது, மற்றது யாரோ வெள்ளைக்காரருடையது. இதில் அக்காவுக்கும் தம்பிக்கும் கருத்து வேற்றுமை இல்லை. எது எது என்பதில்தான்.

அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. திருநாளுக்கு முன் தங்கள் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். வாளியில் மிஞ்சியதை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது. பக்கத்தில் ஆளில்லாமல் கிடக்கும் கல்லறைக்கு அடித்துவிட்டு, ஒரு மெழுகுவத்தியும் ஏற்றிவிட்டு வர வேண்டும்.

சவுரியம்மாள் அப்படித்தான் பக்கத்துக் கல்லறையை எடுத்துக்கொண்டார். அதில் இருப்பவரைத் தொரை என்பார். முதல் சில வருஷம் தொரைக்கு மிச்சச் சுண்ணாம்பு. பிறகு அது கண்ணில் உறுத்தியிருக்க வேண்டும். தண்ணியாய் அடித்தால் தொரை என்ன நினைப்பார் என்று இரண்டுக்கும் சேர்த்தே கரைக்கத் தொடங்கினார். பூ வாங்கினால் பாதி. அந்தோணி பீடி குடிப்பவர் என்பதால் அவருக்கு ஒரு கட்டு வைப்பார். தொரைக்கும் ஒரு கட்டு.

“தொரை சுருட்டு குடிக்கிறவரா இருப்பாரும்மா, பீடிய வெச்சி அசிங்கப்படுத்தாதன்னு சொல்லுவேன்,” என்றார் ஆரோக்கியம், என்னைப் பார்த்து.

“அந்தத் தொரை பீடியத்தான் நீ தெனம் அடிச்ச,” என்றார் பிலோமினா, எதிர்த் திசையைப் பார்த்து.

அன்று காலை அக்கா தம்பியிடம் பேசிய முதல் வாக்கியம் அது என்று ஏழுமலை பின்னால் சொன்னார்.

நான்கு நாள் முன்புதான் ஆரோக்கியம் வந்து, அம்மா செய்த மாதிரியே இரண்டுக்கும் அடித்துவிட்டுப் போயிருந்தார். இரண்டுக்கும் அடிப்பதால் எது யாருடையது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. தெரிந்திருந்த ஒரே ஆள் நேற்று இறந்துவிட்டார்.

அக்காவின் வாதம்: அம்மா எப்போதும் கடல் பக்கத்துக் கல்லறையில்தான் முதலில் கை வைப்பார், அதுதான் நைனா. தம்பியும் அதை ஒத்துக்கொண்டார். ஆனால் அவர் சொன்னபடி, அம்மா ஆளில்லாதவனுக்கு முதலில் என்று சொல்லித் தொரைக்குத்தான் முதலில் அடிப்பார். ஆகவே முதலில் கை வைத்தது தொரை, ரோடு பக்கத்தில் இருப்பது நைனா. இருவருக்கும் நினைவில் இருந்தது ஒரே காட்சி. சிறு வயதில் இருவரும் பார்த்தது. அதிலிருந்து இரண்டு முடிவுகள்.

கோர்ட்டு நிருபராகவும் சில காலம் இருந்திருக்கிறேன். இரண்டு நல்ல சாட்சிகள் ஒரே விஷயத்தைச் சொல்லி வழக்கு முட்டிக்கொண்டு நிற்பதை அங்கே பார்த்ததில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம்

நான் எழுத வந்த வரலாறு கிட்டத்தட்ட இதுதான்.

கோட்டைக்கு வடக்கே, அன்றைய ஊர் எல்லைக்கு வெளியே, கப்பல்காரர்களைப் புதைக்க ஒதுக்கிய மணல்வெளி. கப்பல் துணைக் கேப்டன்கள், உப்பு இலாகா குமாஸ்தாக்கள், பீரங்கிப் படைக்காரர்கள். பிறகு ராயபுரத்துக்கு ரயில் வந்தது. அதோடு எஞ்சின் டிரைவர்களும் ஃபிட்டர்களும் சீமையிலிருந்து வந்தார்கள். வெயிலிலும் காலராவிலும் செத்தார்கள். அவர்களுடைய பெண்டாட்டிகள், பெரும்பாலும் பிரசவத்தில். பெயர்கூட வைக்காத குழந்தைகள்.

தோட்டத்தின் நடுவே இடுப்பளவு சுவர் ஒன்று இருந்தது. அந்தப் பக்கம் வெள்ளைக்காரர்கள், இந்தப் பக்கம் நம் ஆட்கள். ஒரே பூசை, ஒரே பாதிரியார், இரண்டு மண். வெள்ளைக்காரர்கள் ஊரைவிட்டுப் போனபின் சுவர் தானாகச் சரிந்தது. இந்தப் பக்கம் நிரம்பி வழிந்தபோது, அந்தப் பக்கத்து இடைவெளிகளில் நம் ஆட்களைப் புதைக்கத் தொடங்கினார்கள். அந்தோணியும் அப்படித்தான் அங்கே போய்ச் சேர்ந்தார்.

அதற்குள் அங்கிருந்த பளிங்குப் பலகைகள் போய்விட்டிருந்தன. சில, சுற்றுவட்டாரத்து வீடுகளில் துணி துவைக்கும் கல்லாக இருப்பதாகச் சொன்னார்கள். நானே ஒரு வீட்டு வாசற்படியில் தலைகீழான ஆங்கில எழுத்துகளைப் பார்த்தேன். இரும்பு வேலிகள் பழைய இரும்புக் கடைக்குப் போயின. மரச் சிலுவைகளை உப்புக் காற்று தின்றது. பிறகு ஒரு பெருமழையில் தோட்டம் நாள்கணக்கில் தண்ணீரில் நிற்க, லாரி லாரியாக மண் கொட்டி மேடாக்கினார்கள். தாழ்வான கல்லறைகள் பாதி மூழ்கின. சில முழுவதும். சாய்ந்த சிலுவைகளை எடுத்து ஓரமாக வைத்து, பிறகு உத்தேசமாக நட்டார்கள்.

உத்தேசமாக என்பது தோட்டத்துக் கமிட்டிச் செயலாளர் பயன்படுத்திய வார்த்தை. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். கையில் குடையோடு ஏழரைக்கு வந்து சேர்ந்தார்.

கீறிப் பார்த்தது

நான் எதற்கு வந்தேன் என்று தெரிந்ததும் பிலோமினா எழுந்து வந்தார். வெள்ளைக்காரர்களைப் பற்றி எழுதுகிறவர் என்றால் வெள்ளைக்காரர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்திருக்கும் அல்லவா என்பது அவர் கேள்வி. அது நியாயமாகத்தான் இருந்தது.

பழைய கல்லறை வாசகங்களைத் தொகுத்த ஓர் ஆங்கிலப் புத்தகத்திலிருந்து சில பக்கங்களை நூலகத்தில் நகலெடுத்து வைத்திருந்தேன். கேட்டிலிருந்து வரிசை வரிசையாகப் பெயர்கள். கேட் எந்தப் பக்கம் என்று புத்தகம் சொல்லவில்லை. இப்போதைய கேட் பின்னால் வந்தது. மதிலில் செங்கல் வைத்து அடைத்த பழைய வாசல்கள் இரண்டு தெரிந்தன. ஒன்றிலிருந்து எண்ணினால் தொரை கடல் பக்கம். மற்றதிலிருந்து எண்ணினால் ரோடு பக்கம். மூன்று முறை எண்ணினேன். மூன்றாவது முறை தொரை மதிலுக்கு வெளியே போய்விட்டார்.

ஒன்று மட்டும் சொல்ல முடிந்தது. எப்படி எண்ணினாலும் அந்த வரிசையில் வந்தவர் ஒரு கப்பலின் துணைக் கேப்டன். வயது இருபத்தாறு.

“இருபத்தாறா?” என்றார் பிலோமினா. “அம்மா கெழவன்னு இல்ல நெனச்சிகினு இருந்திச்சி.”

கொஞ்ச நேரம் இரண்டு கல்லறைகளையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

சுரண்டிப் பார்க்கலாம் என்றார் ஆரோக்கியம். பழைய செங்கல் மெலிசு, புதுச் செங்கல் கனம், பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஏழுமலை இரண்டின் மூலையிலும் கடப்பாரை முனையால் கீறினார். சுண்ணாம்பு பாளம் பாளமாகப் பெயர்ந்தது. அதன் வெட்டு முகத்தை நான் மறக்கவில்லை. வெள்ளைக் கோடு, கறுப்புக் கோடு, வெள்ளை, கறுப்பு. திருநாளுக்கு அடித்த சுண்ணாம்பும், வருஷம் முழுக்கத் துறைமுகப் பக்கமிருந்து வந்து படிந்த கரித்தூளும். இரண்டு பாளத்திலும் ஒரே மாதிரி. எண்ணப் போனபோது கையில் பொடிந்தது.

உள்ளே தெரிந்த செங்கல் இரண்டிலும் மெலிசு.

செயலாளர்தான் காரணம் சொன்னார். அந்தக் காலத்தில் இங்கே கல்லறை கட்டிய கொத்தனார்கள் இடிந்த நடுச்சுவரின் செங்கல்லைத்தான் எடுத்துக் கட்டுவார்கள். வெள்ளைக்காரர் கல்லறையும் அந்தச் சுவரும் ஒரே காலத்துச் சூளை. பக்கத்தில் இருப்பது மாதிரியே கட்டு என்று சவுரியம்மாள் சொல்லியிருப்பார். கொத்தனார் சொன்னபடி செய்திருக்கிறார்.

கமிட்டிப் பதிவேட்டிலும் பார்த்துவிட்டேன் என்றார் அவர். அந்தோணியின் பெயருக்கு நேரே, துணைக் கேப்டனுக்கு அடுத்தது என்று இருக்கிறதாம். எந்தப் பக்கத்து அடுத்தது என்று இல்லை.

ஒன்பதரை மணி

செயலாளர் குடையை மடக்கினார். கண்டிப்பானவர், ஆனால் குரலை உயர்த்தாதவர். அவர் சொன்னதன் சாரம்: ஒன்றைத்தான் திறக்க அனுமதிக்க முடியும். திறந்து பார்த்து இல்லையென்றால் அடுத்தது என்பது நடக்காது. இருவரும் சேர்ந்து ஒன்றைக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் மாதவரம் வண்டிக்கு இப்போதே ஆள் அனுப்ப வேண்டும்.

பிலோமினா சேலைத் தலைப்பில் கைச் சுண்ணாம்பைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு தம்பியிடம், “சரி, நீ ஆம்பளப் புள்ள. அம்மாவ சொமக்கப் போறவன். உன்துலயே வெய்யி,” என்றார்.

தகராறு முடிந்தது என்று நினைத்துக் குறிப்புப் புத்தகத்தை மூடினேன்.

ஆரோக்கியம் தன் கல்லறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அதன் முதுகில் கை வைத்தார். எடுத்தார். “எக்கா,” என்றார். “நீ சொன்னதும் எனக்கு டவுட்டா கீது. உன்துதான் நைனாவோன்னு தோணுது.”

“எனக்கு ராத்திரியிலேர்ந்தே உன்துதான்னு தோணிகினு கீது. சொல்லக் கூடாதுன்னுதான் சண்ட போட்டேன்.”

இப்போது அக்கா ரோடு பக்கத்தையும் தம்பி கடல் பக்கத்தையும் காட்டினார்கள். ஏழுமலை கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்.

அவர் திரும்பி வந்தபோது பிலோமினா இரண்டு மேடுகளுக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தார். பாதம் வைக்கிற அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான இடைவெளி. அதில் அவர் சவுரியம்மாள் போலவே ஒடுங்கித் தெரிந்தார் என்று எழுத ஆசைதான். சவுரியம்மாளை நான் பார்த்ததில்லை.

“இங்க வெய்யி,” என்றார். “எந்தப் பக்கம் இருந்தாலும் நைனா பக்கத்துல கீறாரு இல்ல?”

நடுவில் வெட்டினால் அது புதுக் குழி, அனுமதி இல்லை என்றார் செயலாளர்.

“ரெண்டு பக்க ஓரத்தையும் ஒடச்சாத்தான் பொட்டி எறங்கும் சார். ஒடச்சா அது தொறந்த குழிதானே?” என்றார் ஏழுமலை.

செயலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். பாதிரியாரிடம் நேரத்தை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டுக் குடையோடு கேட் பக்கம் நடந்தார். போனவர் மாலை வரை வரவில்லை.

மூன்றாவது ஆள்

ஏழுமலை இரு பக்கத்து ஓரங்களையும் அளவாக உடைத்து இறங்கினார். மேலே லாரி மண், செம்மண். அதற்குக் கீழே கறுப்பு. அதற்கும் கீழே கடல் மணல், நடுவில் சிப்பித் துண்டுகள். தூறல் நின்று ஊமை வெயில் அடித்தது. துறைமுகத்தில் எங்கோ சங்கு ஊதியது. நான் ஒரு முறை வெளியே போய்ப் பொதுத் தொலைபேசியில் அலுவலகத்துக்குப் பேசினேன். எத்தனை வரி வரும் என்று கேட்டார்கள். தெரியவில்லை என்றேன்.

திரும்பி வந்தபோது குழியில் ஏழுமலையின் தலை மட்டும் தெரிந்தது. மண்வெட்டி நின்றிருந்தது.

“இங்கயும் ஒருத்தரு கீறாரு,” என்றார்.

குனிந்து பார்த்தேன். மக்கிய பலகை, துருவேறிய ஆணிகள், பழுப்பு எலும்புகள். நான் நேரில் பார்த்த முதல் மனித எலும்பு. ஈரத்தில் வேர் மாதிரி இருந்தது.

மண் கொட்டியபோது மூழ்கிப்போன ஏதோ ஒரு கல்லறையாக இருக்கலாம். அப்படியென்றால் இது யார்? இன்னொரு கப்பல்காரரா? அல்லது, ஆரோக்கியம் மெல்லக் கேட்டது போல, அந்தோணியே நடுவில் இருந்து, இரண்டு பக்கமும் இருப்பவர்கள் வேறு யாரோவா? அப்படி இருக்க முடியாது என்று சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்லை. அப்படித்தான் என்று சொல்லவும் இல்லை. கையிலிருந்த நகல் பக்கங்கள் மழையில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

ஆணா பெண்ணா என்று பிலோமினா கேட்டார்.

“எலும்புல இன்னா எழுதியா வெச்சிருக்கும்?” என்றார் ஏழுமலை. பிறகு, குரலைத் தணித்து, “மூடிடட்டுமா?” என்றார்.

மணி இரண்டைத் தாண்டியிருந்தது. வீட்டில் ஐஸ் பெட்டியில் சவுரியம்மாள். மாதவரம் வண்டிக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

பிலோமினா குழியின் விளிம்பில் குந்தினார். உள்ளே வெகுநேரம் பார்த்தார். இடுப்பில் செருகியிருந்த வெள்ளைத் துணியை எடுத்தார். அப்பாவின் எலும்புக்காக வீட்டிலிருந்து துவைத்து, மடித்து எடுத்து வந்தது. அதை ஏழுமலையிடம் நீட்டினார்.

“யாரா இருந்தா இன்னா. கொஞ்சம் நவுந்து படுக்கச் சொல்லு.”

ஏழுமலை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் வைத்தார். ஆரோக்கியம் திரும்பி நின்றுகொண்டார். கட்டி முடித்த மூட்டையைப் பிலோமினா வாங்கி, பெட்டி வரும்வரை மடியில் வைத்துக்கொண்டு கடல் பக்கத்துக் கல்லறை மேல் உட்கார்ந்திருந்தார்.

நான்கு இருபதுக்குப் பெட்டி இறங்கியது. மூட்டை கால்மாட்டில் போயிற்று. பாதிரியார், செயலாளர் ஏதாவது சொல்லியிருந்தாரோ என்னவோ, தீர்த்தத்தை மூன்று இடத்திலும் தெளித்தார். எல்லோரும் ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள். நானும் போட வேண்டுமா என்று தெரியாமல் நின்றேன். பிலோமினா என் கையைப் பிடித்து மண்ணை வைத்தார். போட்டேன்.

அரைப் பக்கக் கட்டுரை திருநாளன்று வெளிவந்தது. கப்பல்காரர்கள், ரயில்காரர்கள், காலரா, நடுச்சுவர் எல்லாம் இருந்தன.

அடுத்த கோடையில் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது உள்ளே போய்ப் பார்த்தேன். மூன்றையும் சேர்த்து ஒரே மேடையாகப் பூசி, தலைமாட்டில் சிமெண்ட் சிலுவை ஒன்று வைத்திருந்தார்கள். சிலுவையில் சவுரியம்மாளின் பெயர் இருந்தது. அந்தோணியின் பெயர் எழுதப்படவில்லை.